எந்த உப்பு, எந்தப் பருவம்: நெல் ஆராய்ச்சியாளர்களுக்குக் கடைமடையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் இனப்பெருக்க அறிஞர்கள் மற்றும் மாநில வேளாண்மை – உழவர் நலத்துறையின் விதைப் பிரிவு அலுவலர்கள்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில், ஆற்றுநீர் கடைசியாக வந்து சேரும் கடலோரக் கடைமடையில் சம்பா நெல்லும், அதன் தாளில் உளுந்தும் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். உப்பைத் தாங்கும் பயிர் இரகங்களைப் பற்றி உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோளை வைப்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். ஓர் இரகம் உப்பைத் தாங்கும் என்று அறிவிக்கும்போது, அது எந்த வகை உப்பை, எவ்வளவு வரை, பயிரின் எந்தப் பருவத்தில் தாங்கும் என்பதையும் சேர்த்து அறிவியுங்கள். அந்த அறிவிப்பு, நாற்றங்காலோடு நின்றுவிட்ட சோதனையிலிருந்து வராமல், கடலோர வயலில் கதிர் முற்றும் வரை வைத்துப் பார்த்த பயிரிலிருந்து வரட்டும்.

உப்பு நிலம் என்பது ஒரே வகையல்ல என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விதை வாங்கப் போகும் இடத்தில் அந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. களர் நிலத்தில் சோடியம் களித்துகள்களோடு ஒட்டிக்கொண்டு, மண்ணின் கார அமில நிலையை 8.5க்கு மேல் ஏற்றி, மண்ணின் கட்டமைப்பையே குலைத்துவிடுகிறது. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கும். காய்ந்தால் மண் பாறைபோல் இறுகும். துத்தநாகம் பயிருக்கு எட்டாது. ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் அந்த நிலம் படிப்படியாகத் திருந்தும். உவர் நிலத்தின் கதை வேறு. எங்கள் பக்கத்து உவர் பெரும்பாலும் கடலிலிருந்து வந்த சோடியம் குளோரைடு. மண்ணின் கட்டமைப்பு அவ்வளவாகக் கெடுவதில்லை; கரைந்து நிற்கும் உப்பின் செறிவுதான் பயிரைக் கொல்கிறது. அங்கே ஜிப்சத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பயன் இல்லை. மழைநீரோ ஆற்றுநீரோ கரைத்துக் கீழே இறக்கினால்தான் உப்பு குறையும். ஈரம் வற்றி வெயில் ஏறியதும் நிலத்தடி உவர்நீர் வழியாக அதே உப்பு மறுபடி மேலே வந்துவிடும்.

கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் எடுத்தாளும் தேசியக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 3.68 லட்சம் எக்டேர், அதில் 3.5 லட்சம் எக்டேருக்கும் மேற்பட்டது களர். ஆகவே, திருச்சியில் உள்ள உங்கள் கல்லூரி 1995இல் வெளியிட்ட டி.ஆர்.ஒய். 1 என்ற நெல் தொடங்கி, அந்த வரிசை இரகங்கள் களரை முன்வைத்து உருவானதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நிலங்களில் அவை எடுத்த பெயர் நியாயமான பெயர். ஆனால் உவர் நிலத்துக்கு விதை கேட்டு வரும் கடலோர விவசாயியிடம், உப்பு நிலத்துக்கு ஏற்றது என்ற ஒற்றை வரியை நம்பி, களருக்கென உருவான இரகத்தை எடுத்துக் கொடுப்பது இன்றும் நடக்கிறது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் வேறுபாடு தெரிவதில்லை, ஏனென்றால் விதை மூட்டையின் அட்டையிலும் அது இல்லை, துண்டறிக்கையிலும் இல்லை.

பருவத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நெல் உப்புக்கு எளிதில் சாயும் பயிர். உப்பின் அளவைக் காட்டும் மண் கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசைமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்குகிறது; அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறக்குறைய 12 விழுக்காடு இழப்பு என்பது 1977 முதல் பாடநூல்களில் இருந்துவரும் கணக்கு. அந்தக் கணக்கில் 7 அலகு என்றால் பாதி மகசூல் போயிற்று. வாற்கோதுமையோ 8 அலகு வரை அசைவதில்லை. நெல்லுக்குள்ளேயும் எல்லாப் பருவமும் ஒன்றுபோல் இல்லை. முளைக்கும்போது நெல் ஓரளவு தாங்கும். இளநாற்றாக இருக்கும்போது தளர்ந்துவிடும். தூர் கட்டும்போது மீண்டும் தெம்பு பெறும். கதிர் தண்டுக்குள் திரளும் பொதிப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் மறுபடி மிக மென்மையாகிவிடும். இந்த இரண்டாவது பலவீனத்தைத்தான் நாங்கள் ஆண்டுதோறும் எங்கள் வயலில் பார்க்கிறோம்.

மார்கழிக் கடைசியில் வடிகால் ஓரத்து வயலில் இறங்கிப் பாருங்கள். பயிர் பச்சையாகத்தான் நிற்கும். அடியிலைகளின் நுனி மட்டும் வெளுத்துச் சுருண்டிருக்கும். சாலையிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வாய்க்கால் தண்ணீரும் குறைந்துவிட்ட நாட்கள் அவை. வயலில் நிற்கும் நீர் வற்ற வற்ற, வரப்பின் அடியில் முதலில் ஈரக் கோடு ஒன்று தெரியும். பிறகு அந்தக் கோடு வெண்மையாகும். தை பிறந்து பத்து நாள் கழித்துக் கதிரைக் கையில் வாங்கி, மணியை நகத்தால் அழுத்தினால் பால் வராது. மேட்டு வயலில் தலை சாய்ந்து நிற்க வேண்டிய கதிர், இங்கே நிமிர்ந்தே நிற்கும். அறுத்துத் தூற்றினால் பாதி சாவி, அதாவது மணி பிடிக்காத பதர். நாற்றாக இருந்தபோது உப்பைத் தாங்கி, தூரும் கட்டிய பயிர்தான் இது. மகரந்தம் வீரியம் இழந்ததாலும், உச்சியில் உள்ள கொடியிலைவரை சோடியம் ஏறிவிட்டதாலும் மணி பிடிக்காமல் போயிற்று. விதைப்பு தள்ளிப்போன ஆண்டுகளில் இந்த இழப்பு இன்னும் கூடுகிறது, ஏனென்றால் பூக்கும் நாட்கள் மழையிலிருந்து இன்னும் விலகிப் போகின்றன.

உப்பைத் தாங்கும் நெல் ஆராய்ச்சியில் பெரும் வெற்றியாகச் சொல்லப்படுவது பொக்காளியின் கதை. எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் காயல் ஓரத் தாழ்நிலங்களில் பயிராகும் அந்தக் கேரள நெல்லிலிருந்து, முதல் குரோமோசோமில் உப்பைத் தாங்க உதவும் சால்டோல் என்ற மரபுப் பகுதியை அறிவியலாளர்கள் அடையாளம் கண்டனர். மேற்கு வங்கக் கடலோரத்து நோனா பொக்ரா என்ற நெல்லிலிருந்து, 2005இல் சீன அறிவியலாளர்கள் தலைமையிலான குழு ஒன்று அதே குரோமோசோம் பகுதியில் உள்ள ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்துக் காட்டியது. அந்த மரபணு செய்யும் வேலை அருமையானது. வேரிலிருந்து இலைக்கு ஏறும் நீரோட்டத்தில் கலந்துவரும் சோடியத்தை வழியிலேயே மறித்துப் பக்கத்துச் செல்களுக்குள் திருப்பிவிடுகிறது. இலையில் சோடியம் குறைகிறது, பொட்டாசியம் நிலைக்கிறது, ஒளிச்சேர்க்கை தப்பிக்கிறது. பொக்காளியின் வழிவந்த எஃப்.எல். 478 என்ற வரிசையைக் கொண்டு பல நாடுகளில் பல இரகங்களுக்குள் சால்டோல் செலுத்தப்பட்டுவிட்டது. உங்கள் பல்கலைக்கழகத்திலேயே மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு அறிந்திருக்கிறோம்.

ஆயினும் சால்டோல் முதன்மையாக நாற்றுப் பருவத்துக்குத்தான் காப்பு. அதைத் தேர்ந்தெடுத்த சோதனையும் நாற்றுகளை 12 அலகு உப்புக் கரைசலில் நிறுத்தி, சில வாரங்களில் இலை கருகிய அளவுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் சோதனைதான். பொக்காளியின் சொந்த ஊரில் அது போதுமானதாக இருக்கிறது, காரணம் அங்குள்ள நாட்காட்டி. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் வயலைக் கழுவியதும் விதைக்கிறார்கள். மழை நீடிக்கும் மாதங்களிலேயே பயிர் பூத்துவிடுகிறது. அக்டோபர், நவம்பரில் கதிரை மட்டும் கொய்துகொண்டு, அதன்பின் வயலை இறால் வளர்ப்புக்கு விடுகிறார்கள். உப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களில் அங்கே நெல்லே இல்லை. எங்கள் நாட்காட்டி நேர்மாறானது. தலைஞாயிறு, வேதாரண்யம் பகுதிகளில் பெரும்பாலும் நேரடி விதைப்பு. மழை பிந்தினால் இளம்பயிர் முதலில் உப்பைச் சந்திக்கிறது, மழை முந்தி ஓய்ந்தால் பூக்கும் பயிர் மறுபடியும் சந்திக்கிறது. முதல் அடிக்கு மட்டும் காப்பு உள்ள இரகம், இரண்டாவது அடியில் விழுந்துவிடும். கேரளத்தின் விடையை அப்படியே இங்கே பொருத்தாமல், பூக்கும் பருவத்துக்கான காப்பைத் தனியே தேடுங்கள் என்று கேட்பதற்கு இதுதான் காரணம். அந்தக் காப்பு ஒற்றை மரபணுவில் கிடைக்காது, கடினமான வேலை என்பதை நான் அறிவேன். அதற்காகத்தான் பல்கலைக்கழகம் இருக்கிறது.

உயிர் பிழைத்தல் வேறு, விளைதல் வேறு. கலாபகசுத் தீவுகளின் கடற்கரையில் விளையும் காட்டுத் தக்காளி ஒன்று கடல்நீருக்கு இணையான உப்புக் கரைசலிலும் உயிரோடு இருந்ததை 1976இல் கலிபோர்னியாவில் காட்டினார்கள். அரை நூற்றாண்டு ஆகிறது. கடல்நீரில் விளையும் தக்காளி எந்தச் சந்தையிலும் இல்லை. மாறாக, ஆஸ்திரேலியாவில் ரானா மன்ஸ் தலைமையிலான குழு, தொன்மையான ஒருமணிக் கோதுமையிலிருந்து சோடியத்தை மறிக்கும் மரபணு ஒன்றை வழக்கமான ஒட்டு முறையிலேயே ரவைக் கோதுமைக்குள் கொண்டுவந்து, உவர் வயலிலேயே விதைத்து, அறுத்து, எடைபோட்டு, 25 விழுக்காடு வரை கூடுதல் மகசூல் கிடைத்ததை 2012இல் வெளியிட்டது. அந்த ஆய்வை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் மரபணுவைவிட அந்தத் தராசுதான். உவர் வயலில் நிறைமணியின் எடை என்ற அளவுகோலை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

காட்டு நெல்லினங்களில் உப்பை வெல்வதில் முதன்மையானது சுந்தரவனத்துக் கழிமுகங்களில் கடல் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் ஒரைசா கோவார்க்டேட்டா. அதன் இலைப்பரப்பில் உள்ள நுண்மயிர்கள், உள்ளே வந்துவிட்ட உப்பை வெளியே கசியவிடுகின்றன. பயிர் நெல்லில் இந்த ஏற்பாடே இல்லை. எங்கள் வரப்போரத்து உமரியோ உப்பைச் சதைப்பற்றான இலைகளுக்குள்ளேயே பூட்டி வைத்துவிடுகிறது. உப்போடு வாழ இப்படி இயற்கை பல வழிகளைக் கண்டுவைத்திருக்கும்போது, பயிர் நெல் பெரும்பாலும் உப்பை இலைக்கு ஏறாமல் தடுக்கும் வழியையே நம்பி நிற்கிறது. ஆனால் இந்தக் காட்டு நெல் நாற்பத்தெட்டு குரோமோசோம்கள் கொண்டது. பயிர் நெல்லில் இருபத்துநான்குதான். இரண்டையும் இணைப்பது எளிதல்ல. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பெருமுயற்சிக்குப் பின் கருவை மீட்டு வளர்த்து, இந்த ஒட்டில் வெற்றி கண்டதாக 2013இல் அறிவித்தது. அந்த வழியில் பலன் வயலுக்கு வர நெடுங்காலம் ஆகும். அந்த வேலை நிற்கக் கூடாது. அதற்காகக் காத்திருக்கவும் எங்களால் இயலாது.

காத்திருக்கும் காலத்துக்கு எங்களிடமே ஒரு செல்வம் இருக்கிறது. குழியடிச்சான், களர்பாலை, உவர்முண்டான், சிவப்புக் குருவிக்கார் என்று உப்பு நிலத்தில் தலைமுறை தலைமுறையாக விளைந்துவந்த நெல் வகைகள் இன்னும் அழிந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையால் கடல் வயலுக்குள் புகுந்து நின்றபோது, இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் அவரோடு நின்ற இயற்கை விவசாயிகளும் இந்தப் பகுதி நிலங்களை மீட்கும் வேலையில் இறங்கினார்கள். பழைய நெல்லின் பக்கம் பலர் கண்ணைத் திருப்பியது அப்போதுதான். நெல் ஜெயராமன் ஊர் ஊராகச் சுற்றித் தேடிச் சேர்த்த வகைகளால் அந்தக் களஞ்சியம் பெருகியது. 2021இல் அரசும் அவர் பெயரிலேயே மரபுசார் நெல் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் பாதுகாப்பது வேறு, அளந்து பார்ப்பது வேறு. இந்த வகைகள் ஒவ்வொன்றும் எத்தனை அலகு உவரில், எந்தப் பருவத்தில் வைத்துப் பார்க்கும்போது எவ்வளவு மணி பிடிக்கிறது என்ற அட்டவணை ஒன்று ஒரு விவசாயி எடுத்துப் படிக்கும் நிலையில் இருக்க வேண்டும். எங்கள் பெரியவர்கள் சொல்வதில் எது உண்மை, எது பழக்கத்தால் வந்த நம்பிக்கை என்பது அதில்தான் தெரியும். சில வகைகள் உப்பைத் தாங்குவதாகத் தோன்றுவது குறுகிய வயதால் மழைக்குள்ளேயே விளைந்து தப்பித்துவிடுவதால் இருக்கலாம். அதுவும் ஒரு நல்ல குணம்தான், ஆனால் இனப்பெருக்கத்தில் அதைக் கையாளும் முறை வேறு. உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும் குறை இவற்றில் பலவற்றுக்கு உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தக் குறையைத் திருத்துவது உங்களுக்குக் கைவந்த கலை. அப்படித் திருத்தி வெளியிடும் இரகத்தில், விதை தந்த ஊரின் பெயரும், 2001ஆம் ஆண்டு பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த ஊருக்கு உரிய பங்கும் விடுபடக் கூடாது.

2025 மே மாதத்தில் ஒன்றிய அரசு அறிவித்த மரபணுத் திருத்த நெல் இரண்டில் ஒன்றான பூசா டி.எஸ்.டி. நெல் 1, வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்று சொல்லப்படுகிறது. அந்தத் தொழில்நுட்பம் பற்றிய விவாதத்துக்குள் இம்மடல் போகவில்லை. எங்கள் மாவட்டத்தில் ஒரு கிலோ விதையாவது விற்கப்படுவதற்கு முன், அதுவும் மேற்சொன்ன தராசில் ஏறட்டும் என்பது மட்டுமே எங்கள் நிலை. பழைய நெல்லுக்கும் புதிய நெல்லுக்கும் அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும்.

உளுந்தையும் மறந்துவிடாதீர்கள். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே ஏ.டி.டி. 3 போன்ற உளுந்தை விதைத்து, மிச்ச ஈரத்தில் விளைவித்து எடுப்பது எங்கள் வழக்கம். அது பூப்பது மாசி, பங்குனியில். வயலில் உப்பு ஏறும் மாதங்கள் அவை. நெல்லைவிட உளுந்துதான் உப்பில் அதிகமாகக் கருகுகிறது, ஆனால் கடலோரத்துக்கென உவரைத் தாங்கும் உளுந்து பற்றிய பேச்சை நெல் அளவுக்குக் கேட்க முடிவதில்லை. பயறு இனத்திலேயே, அந்தமான் உள்ளிட்ட வெப்பமண்டலக் கடற்கரை மணலில் படர்ந்து வளரும் விக்னா மரினா என்ற காட்டுப் பயறு, கடல்நீர்த் துளி தெறிக்கும் இடத்தில் பூத்துக் காய்க்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் உப்புத் தாங்கும் பண்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். வம்பனிலும் ஆடுதுறையிலும் பயறு ஆராய்ச்சியில் நீண்ட அனுபவம் உள்ள நம் மாநிலம், இந்தக் காட்டுப் பயறுகளைத் திரட்டும் பணியை முன்னெடுக்கலாம். வேதாரண்யத்திலேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உவர்தாவரங்களுக்கென ஒரு மரபுத் தோட்டம் அமைத்திருக்கிறது. அங்கிருந்து எங்கள் வயல் தூரமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உப்பைத் தாங்கும் விதை வந்துவிட்டது என்பதைக் காட்டி, கடைமடைக்குத் தண்ணீர் விடுவதையும், கடல்நீர் ஏறாமல் தடுக்கும் இயக்கு அணைகளைப் பழுது பார்ப்பதையும், உவர்நீரை வடிகாலில் விடும் இறால் குட்டைகளைக் கட்டுப்படுத்துவதையும் யாரும் தள்ளிப்போடக் கூடாது. எந்த நெல்லுக்கும் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குக் கீழே உப்பை வைத்திருப்பது நீரின் வேலை. விதை அதற்குத் துணை மட்டுமே. இது உங்கள் துறையின் கையில் முழுவதும் இல்லை என்றாலும், உங்கள் பரிந்துரைகளில் இந்த வாக்கியம் இடம்பெற்றால் நீர்வளத் துறையிடம் நாங்கள் பேசுவதற்கு வலு கூடும்.

செயல்படுத்த வேண்டியதைக் குறிப்பாகச் சொல்கிறேன். ஆடுதுறையிலும் இராமநாதபுரம் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்திலும் இப்போது நடக்கும் ஆய்வுகளோடு, வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டை வட்டாரங்களில் விவசாயிகளின் சொந்த வயல்களிலும் சோதனைத் திடல்கள் அமையுங்கள். ஒரே வயலில் உரிய காலத்து விதைப்பு ஒன்று, வேண்டுமென்றே தள்ளிப்போட்ட விதைப்பு ஒன்று என இரண்டு வைத்தால், பூக்கும் பருவத்து உப்பை எந்த இரகம் தாங்குகிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை மின்கடத்துதிறனை அளந்து எழுதுங்கள். கருவியும் சிறிது பயிற்சியும் கொடுத்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளே அளந்து தருவார்கள். முடிவில் நிறைமணி எத்தனை, சாவி எத்தனை, எடை எவ்வளவு என்பதை, தோற்றுப்போன இரகங்களையும் சேர்த்துத் தமிழில் வெளியிடுங்கள். எது விளையவில்லை என்ற செய்தியும் எங்களுக்குப் பணம்தான்.

திடலுக்கு நிலம் தேடி நீங்கள் அலைய வேண்டாம். வடிகாலை ஒட்டிய வயலில் எங்கள் குடும்பம் இரண்டு மா அளவு நிலத்தைத் தரச் சம்மதித்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் இன்னும் சிலரும் தர ஆயத்தமாக இருக்கிறார்கள். உழவும் வரப்பும் எங்கள் பொறுப்பு. விதையும் அளவைக் கருவியும் வழிகாட்டும் ஓர் ஆளும் உங்களிடமிருந்து வர வேண்டும். நேரடி விதைப்பு ஆவணிக் கடைசியில் தொடங்கிவிடும். மண் மாதிரி எடுப்பதானால், மழைக்கு முன் உப்பு மேலே நிற்கும் ஆடி மாதத்திலேயே எடுத்துவிடுவது நல்லது; அதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் இந்தச் சம்பாவிலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
கடைமடை நெல் விவசாயி ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்